கடலில் இருப்பவனின் ஓட்டு

தஸ்நேவிஸ் அண்ணன்தான் ஜெயிக்க வேண்டும். அன்று தோணியில் கூரை ஓடு ஏற்றும்போது, "போதும்யா, தண்ணி விளிம்புக்கு வந்திட்டு" என்று கரையில் நின்று கத்தியவர் அவர் ஒருவர்தானே. மற்றவர்கள் தோணி முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கையில் ஓட்டு இருந்தால்...

விக்டோரியா எண்ணத்தை அங்கேயே நிறுத்தினாள். ஓட்டு அவளுடையதல்ல, அவள் புருஷன் ரோச்சுடையது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் ஓடு ஏற்றிய அந்தத் தோணியில் கொழும்புக்குக் கிளம்பியவன். பதினான்கு மாதமாகிறது. தோணியும் வரவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

வாசலில் ஆள் அரவம். ரோச்சின் அக்காள் அந்தோணியம்மாள் உள்ளே வந்தாள். பின்னால் தஸ்நேவிஸ், துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு.

"தேர்தல்ல நிக்கது பத்தாதுன்னு இங்கனயும் நிக்கீரு. உக்காரும்" என்றாள் அந்தோணியம்மாள். அவர் உட்காரவில்லை.

"ஞாயித்துக்கெழமை தோணிக்காரங்க சங்கத் தலைவர் தேர்தல், தங்கச்சி. ஒண்ணு ரெண்டு ஓட்டுலதான் நிக்குது. முதலாளி ஆளு வந்தாம்னா இன்னும் ரெண்டு அடுக்கு ஓடு கூட ஏத்துவான். நான் வந்தா காத்து மாசத்துல ஒரு தோணியும் கெளம்பாது. கடல்ல இருக்கவனுக்கு அவன் பொஞ்சாதி ஓட்டுப் போடலாம்னு சங்கத்துல சட்டம் இருக்கு. ஏட்டுல ரோச் பேரை இன்னும் வெட்டல."

அவர் சொன்னதெல்லாம் உண்மை. கொழும்புக்குப் போனபோதெல்லாம் ஆள் ஆளாக நிறுத்தி ரோச்சைப் பற்றி விசாரித்ததும் அவர்தான்.

"அவுக கடல்ல இருக்காகன்னு எழுதுவீகளா அண்ணே?"

"எழுதணும்லா. அப்பதான ஓட்டு செல்லும்."

பதினான்கு மாதத்தில் முதல் முறையாக ஒருவர் அவனை 'இருக்கிறான்' என்கிறார். அவளுக்கு உடம்பு லேசாயிற்று. வாரம் தவறாமல் இந்த மைனி அந்தோணியம்மாள் வந்து, தம்பி இனி வரமாட்டான், தாலியைக் கழற்று, கோயிலில் ஆத்துமப் பூசை வைப்போம் என்று அழுதுவிட்டுப் போவாள். அவள் போனதும் விக்டோரியா இரண்டு பேருக்கு உலை வைப்பாள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி, காலையில் தானே தின்பாள்.

'போடுதேன்' என்று வாய்வரை வந்துவிட்டது.

"போட்டுருளா" என்றாள் அந்தோணியம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் தம்பி பேரு ஒரு நல்ல காரியத்துக்கு ஆவட்டும். மறுநாளு பூசைய வச்சிருவோம். சாமியார்கிட்ட சொல்லிட்டேன்."

தஸ்நேவிஸ் தரையைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடலில் இருப்பவன், திங்கட்கிழமை செத்துப்போவான்.

விக்டோரியா அடுப்படிக்குப் போய் இரண்டு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிங்க அண்ணே. நீங்க ஜெயிக்கணும்னு மாதாகிட்ட கேட்டுக்கிடுதேன்" என்றாள். "ஓட்டு அவுகளோடது. அவுக வந்து போடட்டும்."