ஆறு டம்ளர் தண்ணீர்

ஸ்ரீகண்டன் தபால்காரனுக்குப் பயந்து ஒளிய ஆரம்பித்து இன்றோடு பதினாறு நாள்.

மேலதிகாரிக்குப் பயந்தவர்கள் உண்டு, மாமனாருக்குப் பயந்தவர்கள் உண்டு. சாமராஜபேட்டையில் தபால்காரனுக்குப் பயந்த ஆள் இவர் ஒருவர்தான். வாசலில் "சாமி, டப்பால்!" என்று குரல் கேட்டால் போதும், ஆபீசுக்குக் கட்டின பஞ்சகச்சத்தோடு விறுவிறுவென்று கொல்லைப்புறம் போய்த் துளசி மாடத்துக்குப் பின்னால் நின்றுகொள்வார். மனைவி ஜகதாம்பாள் போய் வாங்கிப் பார்த்து, "உங்க தங்கைதான்னா எழுதியிருக்கா" என்று குரல் கொடுத்த பிறகுதான் மனுஷருக்கு மூச்சே வரும்.

என்ன பயம்? செத்துப்போன ஒருவனிடமிருந்து கார்டு வந்துவிடுமோ என்ற பயம்தான்.

சிரிக்காதீர்கள். செத்தவன் சாமானியப்பட்டவன் இல்லை. நோயல் ஞானமுத்து என்று பெயர். தந்தி ஆபீசில் இருபத்தைந்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவன், ஊரின் மறுகோடியில் பிளாக்பள்ளியில் தனியாக இருந்தான். கல்யாணம் காட்சி கிடையாது. ஒரே தங்கை கேத்தரின், கோலார் தங்கவயலில் டீச்சர். ஸ்ரீகண்டன் சர்க்கார் மழைக்கணக்கு இலாகாவில் குமாஸ்தா. எந்த ஊரில் எத்தனை அங்குலம் பெய்தது, எவ்வளவு ஆவியாகப் போனது என்று எழுதுகிற உத்தியோகம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் கிரகணத்தைப் பற்றி ஒரு பெரிய மனிதர் பிரசங்கம் செய்தபோது, "கரும்பலகையில் போட்ட கணக்கு தப்பு!" என்று ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள் இரண்டு பேர். அன்றைக்குப் பிடித்தது சிநேகம்.

சிநேகம் என்றால் கார்டு சிநேகம். வாரத்துக்கு ஒரு புதிர், முறை வைத்து மாற்றி மாற்றி. ஒன்பது குண்டில் ஒன்று மட்டும் கனம், தராசை இரண்டே தடவை தூக்கிக் கண்டுபிடி என்பான் நோயல். முன்னால் படித்தாலும் பின்னால் படித்தாலும் ஒன்றாக வருகிற பத்து வார்த்தை எழுது பார்க்கலாம் என்பார் இவர். விடை கார்டில் போகும். கேட்டவன் அதைச் சிவப்புப் பென்சிலால் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். பதினொரு வருஷத்தில் நோயல் ஒரு கார்டைக்கூடத் திருத்தாமல் வைத்துக்கொண்டதில்லை. அந்த ஒழுங்குதான் இப்போது ஸ்ரீகண்டனின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு மூலகாரணம் ஒரு கிணறு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வந்த கார்டு இப்படி இருந்தது: "ஸ்ரீகண்டா, கிணற்றில் விழுந்துவிட்டேன். ஆழம் முப்பது அடி. பகலில் மூன்றடி ஏறுகிறேன், ராத்திரியில் இரண்டடி சறுக்குகிறேன். ஓடி வா."

கிணற்றுக்குள் கிடக்கிறவன் எப்படியப்பா கார்டு எழுதித் தபாலில் போட்டான் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? இவர் யோசிக்கவில்லை. நல்ல மனசு அப்படித்தான், யோசிக்காது. வீட்டு ராட்டினத்துக் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஜட்கா பிடித்து, பிளாக்பள்ளிக்குப் பறந்தார். நோயல் ஜன்னலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். "இருபத்தெட்டாம் நாள் நானே ஏறி வந்துடுவேனேப்பா! இன்னைக்கே எதுக்கு வந்தே?" என்று கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தெருவே சிரித்தது. ஜட்காக்காரன்கூடச் சிரித்தான்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகுமா? இனிமேல் இந்தப் பயல் கார்டைப் படித்துவிட்டு வாசற்படி தாண்டினால் என் பேர் ஸ்ரீகண்டன் இல்லை என்று அன்றைக்கே சபதம் போட்டார்.

இந்த ஐப்பசியில் ஊரெல்லாம் யுத்த ஜுரம். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதற்கு இன்ஃப்ளூயன்சா என்று பேர் வைத்தார்கள். பேர் எதுவானால் என்ன, வீட்டுக்கு வீடு பாய் விரித்துவிட்டது. அப்போது ஒரு செவ்வாய்க்கிழமை நோயலின் கார்டு வந்தது.

"ஸ்ரீகண்டா, ஜுரம் நூற்றி நாலு. பக்கத்து வீட்டார் ஊரை விட்டே போய்விட்டார்கள். தெருக்குழாய் முப்பது அடி தூரம், பத்தடி போனால் விழுந்துவிடுகிறேன். திங்கள் விடியும்போது பானையில் ஆறு டம்ளர் தண்ணீர். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எத்தனை நாள் வரும்? நீ வா."

ஸ்ரீகண்டன் கடகடவென்று சிரித்தார். அதே முப்பதடி! கிணற்றைப் படுக்கப்போட்டு எனக்கே திரும்ப விற்கிறானா?

ஜகதாம்பாள் கார்டை வாங்கி ஒருமுறை படித்தாள். அவளுக்குப் புதிர் தெரியாது, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். "ஏன்னா, ஜுரம்னு எழுதியிருக்காரே. ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடுங்கோளேன்."

"அசடே, அதுதான் பொறி! ஒரு தடவை கயித்தோட ஓடினேன், போறாதா?"

"எழுத்து கோணிண்டு போறதே."

"நடிக்கிறான். கையெழுத்திலேயே நடிக்கிறவன் அவன்."

அவள் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லி அழுதாள். அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

இவர் உட்கார்ந்து யோசித்தார். நாளைக்கு இரண்டு, ஆக மூன்று நாள். இது குழந்தைக் கணக்கு. நோயலாவது குழந்தைக் கணக்குப் போடுவதாவது! எங்கேயோ தந்திரம் இருக்கிறது. வெகுநேரம் மோவாயைத் தடவிவிட்டுத் துள்ளி எழுந்தார். பானை! மண்பானை கசியுமே! ஆவியாகப் போகிற தண்ணீரைப் பற்றி இலாகா குமாஸ்தாவிடமே கேட்கிறான், படவா!

ஊகம் போதாது, அளந்து சொல்ல வேண்டும். சந்தையிலிருந்து புது மண்பானை வாங்கி வந்தார். ஆறு டம்ளர் தண்ணீரைக் கழுத்து வழியாமல் ஊற்றி, கூடத்து ஜன்னலோரம் மணல் பரப்பி வைத்தார். செவ்வாய் சாயங்காலத்திலிருந்து வியாழன் சாயங்காலம் வரை சரியாக இரண்டு நாள். யாரும் அதைத் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. கடைசியில் திருப்பி அளந்தார். ஐந்து டம்ளர். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கார்டை எடுத்து எழுதினார்:

"மூன்று நாள் என்பவன் முட்டாள். மண்பானை இரண்டு நாளில் ஒரு டம்ளர் குடித்துவிடும். நானே அளந்தேன். ஆகையால் புதன் காலையோடு உன் தண்ணீர் தீர்ந்தது. அகப்பட்டாயா?"

வியாழக்கிழமை தபாலில் போட்டார். அன்று ராத்திரி திவ்வியமாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை ஆபீஸ் சேவகன் சொன்னான். சனிக்கிழமை பாதிரியார் நோயல் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போனாராம். ஞாயிற்றுக்கிழமையே ஓசூர் ரோடு கல்லறையில் அடக்கம் ஆகிவிட்டதாம். நோயலின் கார்டை வாங்கித் தபாலில் போட்ட பால்காரியும் மறுநாளே படுத்துவிட்டாளாம். ஸ்ரீகண்டன் கையில் இருந்த பேனா அன்று முழுக்க ஓர் அங்குல மழையைக்கூட எழுதவில்லை.

அதிலிருந்து பிடித்தது. ஜகதாம்பாள் ரசம் ஊற்றினால், 'இந்தப் பாத்திரத்தில் எட்டுக் கரண்டி ரசம், ஆளுக்கு இரண்டு' என்று காதோரம் நோயலின் குரல். ஆபீசில் மழைமானியைத் தூக்கினால், 'எவ்வளவு இருக்கு, ஸ்ரீகண்டா?' என்று அதே குரல். அதட்டல் இல்லை, கோபம் இல்லை. வழக்கம்போலச் சிரிப்போடு கேட்டது. அதுதான் தாங்கவில்லை. கூடத்துப் பானையைத் தூக்கி எறியவும் கை வரவில்லை. தினம் காலையில் போய் எட்டிப் பார்த்தார், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அடி தெரிந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

எல்லாவற்றையும்விட அந்தக் கார்டு. போட்ட விடையை அவன் திருத்தியே தீருவான். இன்றைக்கு வருமா, நாளைக்கு வருமா?

பதினேழாம் நாள் வந்தது கடிதம். கேத்தரினுடையது. "அண்ணன் உங்கள் பெயர் எழுதி ஒரு பெட்டி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து அவன் வீட்டில் இருப்பேன். தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள்."

போனார். நோயலின் கார்டு அங்கவஸ்திரத்துக்குள் நெஞ்சோரம் இருந்தது. பதினொரு வருஷத்தில் அந்த வீட்டு வாசலோடு நின்றவர், முதல்முறையாக உள்ளே கால் வைத்தார்.

கேத்தரின் கறுப்புச் சேலையில் இருந்தாள். நோயலின் அதே நெற்றி. மேஜைமேல் ஒரு கோலி சோடாவும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்திருந்தாள். பிராமணர் நம் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார், மூடின சோடாவும் தோல் உரிக்காத பழமும் ஆகும் என்று தெரிந்து வாங்கி வைத்திருக்கிறாள். துக்க வீட்டிலும் இந்த மரியாதை.

பெட்டியில் பதினொரு வருஷக் கார்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. "தபால்காரர் ஜன்னல் வழியா போட்டிருப்பார் போல, இது மட்டும் தலகாணி பக்கத்துல கிடந்தது சார்" என்று தனியாக ஒன்றை நீட்டினாள்.

அவருடைய கார்டு. அவருடைய விடை. பக்கத்தில் சிவப்புப் பென்சிலால், கோணல்மாணலாக: "சரி. புதன் காலையோடுதான் தீர்ந்தது." கீழே வெள்ளிக்கிழமைத் தேதி.

உயிரோடு இருந்திருக்கிறான். படித்திருக்கிறான். திருத்தியும் இருக்கிறான். அட பாவி, பென்சிலைப் பிடிக்கத் தெம்பு இருந்ததா உனக்கு! ஸ்ரீகண்டன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாதிரியார் சொன்னார், தூக்கத்துலயே போயிட்டான், கஷ்டப்படலன்னு" என்றாள் கேத்தரின். "அதை வெச்சுத்தான் நான் சாப்பிடுறேன், தூங்குறேன். ஆனா இது என்னன்னு புரியல. எது தீர்ந்துதுன்னு எழுதியிருக்கான்?"

'அது எங்க கணக்கும்மா' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்தப் பெண்ணும் நிம்மதியாகத் தூங்குவாள். பொய்கூட இல்லை, கணக்குதானே! வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டு வாழைப்பழத்தை உரிக்கலாம். பிறகு அந்தக் குரலோடு அவர் ஒருவர் மட்டும் காலம் தள்ள வேண்டும்.

தள்ள முடியாது என்று தெரிந்துபோயிற்று. நெஞ்சோரத்துக் கார்டை எடுத்துக் கொடுத்தார்.

அவள் நின்றபடியே படித்தாள். மறுபடி படித்தாள்.

"இது உங்களுக்கு என்னைக்கு வந்தது?"

"செவ்வாய்க்கிழமை."

"வான்னு எழுதியிருக்கானே."

"எழுதியிருக்கார்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பானை வாங்கினேன்" என்றார். "எங்காத்துல பானை வெச்சு, தண்ணீர் எவ்வளவு கசியறதுன்னு ரெண்டு நாள் அளந்தேன். அவர் விளையாடறார்னு நெனச்சேன். என் ஆத்துக்காரி போங்கோன்னு சொன்னா. கேக்கல."

கேத்தரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்துவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தார். அதற்காகவேகூட வந்திருந்தார் என்று சொல்லலாம். அவள் கத்தவில்லை. இரண்டு கார்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்?"

"கேளும்மா."

"நீங்க வந்திருந்தா, அவன் தலையைத் தூக்கி மடியில வெச்சு, எங்க பானையிலேருந்து மொண்டு, உங்க கையால புகட்டியிருப்பீங்களா?"

புகட்டியிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். கண் ஏனோ மேஜைமேல் இருந்த சோடா பாட்டிலுக்குப் போயிற்று. அவள் கண்ணும் அங்கேதான் இருந்தது.

"ஆமான்னு சொல்லுங்க சார்" என்றாள் கேத்தரின். "பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. நீங்க வந்திருந்தா அவன் தண்ணி குடிச்சிருப்பான்னு நான் நெனச்சுக்கறேன். சொல்லுங்க."

"தெரியலையேம்மா" என்றார் ஸ்ரீகண்டன்.