அடுப்போரம் வெந்த உறை

ஜூன் மாதத்தில் பனி கொட்டுகிற மலையை எவன் மேய்ச்சல் நிலம் என்றானோ, அவன் வாயில் மண் விழ. விடிந்து பார்த்தால் கூடாரத்துக்கு வெளியே வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. உள்ளே தோற்பையில் குமிஸ் ஒரு குமிழிகூட விடாமல் கிடக்கிறது. குதிரைப்பாலைப் புளிக்க வைத்துக் குமிஸாக்கும் உறை குளிர் தாங்காது, தூங்கிவிடும். வெயில் வந்தால் தானே எழுந்திருக்கும். இது எனக்குத் தெரியும், என் கணவர் தொக்தோசுனுக்குத் தெரியாது. நான் பால் கறந்துவிட்டு வருவதற்குள் பையைத் தம் ஆட்டுத்தோல் கோட்டால் சுற்றி, அடுப்போடு ஒட்டி வைத்து, வறட்டியை அள்ளி அள்ளிப் போட்டிருந்தார்.

"பாவம், குளிருதேன்னு பார்த்தேன்" என்றார்.

"உங்களுக்குக் குளிருதுன்னா அடுப்புக்குள்ளயா தூக்கிப் போடுறேன்?"

பைக்குள் கையை விட்டேன். சுட்டது. பால் திரிந்து, தண்ணீர் வேறு கட்டி வேறாக நின்றது. தூங்குவதை எழுப்பலாம், வெந்ததை என்ன செய்வது?

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் மதியம் சம்பந்தியம்மா வருகிறாள், மகளுக்கு நிச்சயமான பிறகு முதல் தடவையாக. கோடையில் குமிஸ் இல்லாத கூடாரத்தில் பெண் எடுப்பாளா? பக்கத்தில் உறை இருப்பது என் ஓரகத்தி பூருலிடம் மட்டும்தான். அவளுடைய குமிஸ் குதிரைக் குளம்பு கழுவத்தான் லாயக்கு என்று போன வருஷம் பந்தியில் நான் சொன்னதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை.

மானத்தை விட்டுச் சட்டியோடு போனேன்.

"வாங்கக்கா. உள்ள வர்றவங்க குமிஸ் பையைக் கடையணும், மறந்துடலையே?" என்றாள் பூருல்.

எங்கள் வழக்கம் அது, மறுக்க முடியாது. கடைந்தேன். அவள் டீயை உறிஞ்சிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தபோது, "கொஞ்சம் உறை குடுடி" என்றேன்.

"எதுக்குக்கா, குளம்பு கழுவவா?"

"ஆமா. நாளைக்குப் பெரிய குதிரை ஒண்ணு வருது, எங்க சம்பந்தியம்மாதான்."

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சட்டி நிறைய ஊற்றினாள்.

புதுப்பால் சேர்த்து, அடுப்புக்குத் தள்ளி வைத்து, கை பொறுக்கும் சூட்டைத் தாண்டவிடாமல் காவல் இருந்தேன். கணவரைக் குதிரைகளோடு மேட்டுக்கு விரட்டிவிட்டேன்.

மறுநாள் சம்பந்தியம்மா கிண்ணம் கிண்ணமாகக் குடித்தாள். "இப்படி ஒரு குமிஸ் நான் குடிச்சதே இல்ல" என்றாள்.

"எல்லாம் நான் காட்டின சூடு" என்றார் தொக்தோசுன்.

பக்கத்தில், விருந்துக்கு வந்திருந்த பூருல் உட்கார்ந்திருந்தாள். இவள் என்னைக் கிழிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"எங்கக்கா கை அப்படி. நானும் பார்க்கிறேன், எனக்கு வரவே மாட்டேங்குது" என்றாள் பூருல்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

"பொய் சொல்றா, சம்பந்தி. இது இவ உறை. என்னோடத இந்த மனுஷன் வேக வச்சுட்டாரு."

சம்பந்தியம்மா என் கணவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கு" என்றாள். அப்புறம் காலிக் கிண்ணத்தை என்னைத் தாண்டிப் பூருலிடம் நீட்டினாள். "நீ ஊத்தும்மா."