அமாலா பார்ப்பதற்காக

ஈரப் புல்லின் மேல் நிறம் விழுந்து கிடந்தது. நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். மேலே கயிறு கயிறாகக் கொடிகள். மெல்லிய துணிக்குள் நுழைந்து வரும் வெயில் நிறத்தோடுதான் இறங்குகிறது.

ஊட்டியில் புரட்டாசி வெயிலை நம்பக் கூடாது. விருந்தாளி மாதிரி வரும். காப்பி போடுவதற்குள் கிளம்பிவிடும்.

மைதானத்து வாசலில் பேனர். திபெத் பண்பாட்டுத் திருவிழா. அனைவரும் வருக. அனுமதி இலவசம். இலவசம் என்று எழுதிப்போட்டால் நம் சனம் வராமல் இருக்குமா. வந்திருந்தது. வெள்ளைத் துணி போர்த்திய படுகர் வீட்டுப் பெண்கள், சுற்றிப் பார்க்க வந்த மலையாளத்துக் குடும்பங்கள், மோமோ வேகும் ஆவியைப் பார்த்தே பசி வந்த கல்லூரிப் பிள்ளைகள்.

நான் சென்னியப்பன். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் லாரி ஓட்டுகிறவன். கேரட் ஓட்டுகிறவனுக்குத் திபெத் விழாவில் என்ன வேலை என்று கேட்டால், என் மனைவி ஆடப் போகிறாள். அதுதான் வேலை.

அவள் பெயர் டோல்கர். ஒன்பது வயதில் யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு பனிமலை தாண்டி வந்தவள். கர்நாடகத்தில் விடுதியில் படித்தாள். குளிர்காலம் வந்தால் கோயமுத்தூரில் ஸ்வெட்டர் விற்றாள். விற்ற இடத்திலேயே தமிழும் பிடித்துக்கொண்டாள். என்னைவிட நன்றாக 'ங்க' போடுவாள்.

போன தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். என் அம்மா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. ஒரு நாள் டோல்கர், "அத்தை, ரசத்துல புளி பத்தலைங்க" என்றாள். அம்மாவுக்கு வந்ததே கோபம். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் ஓயவில்லை.

என் அம்மாவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியும். மண்டியில் மூட்டை இறக்குகிறவர்களுக்குக்கூடத் தெரியும். அவள் அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

அவர்கள் மொழியில் அம்மாவை அமாலா என்பார்கள். அமாலா மலைக்கு அந்தப் பக்கம், திபெத்திலேயே. இவளிடமிருந்து போன் போனால் அங்கே அரசாங்கத்தால் அவளுக்குத் தொல்லை என்று இவளுக்குப் பயம். அந்தப் பயம் பொய்யா மெய்யா என்று சோதித்துப் பார்க்கிற விஷயமா இது. அதனால் போன் இல்லை. போக வழி இல்லை. வர வழி இல்லை.

இருக்கிற ஒரே வழி இந்த விழா.

சந்தையில் ஸ்வெட்டர்க் கடை வைத்திருக்கும் நீமா அண்ணன் வருஷா வருஷம் வட்ட ஆட்டத்தைப் படம் பிடிப்பார். படம் காட்மாண்டுக்குப் போகும். அங்கிருந்து ஏதோ ஒரு வியாபாரியின் செல்போனில் ஏறி மலை தாண்டும். எப்படிப் போகிறது என்று கேட்கக் கூடாது. போகிறது, அவ்வளவுதான். மாதங்கள் கழித்து ஒற்றைச் சொல் திரும்பி வரும். பார்த்தாங்க.

அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அவள் ஒரு வருஷத்தை ஓட்டுவாள்.

இந்த வருஷம் சொல்வதற்கு ஒரு சேதி இருந்தது. ஆனால் படத்தில் பேச முடியாது. பெயர் சொல்ல முடியாது. கூட்டத்தில் ஒருத்தியாக ஆடிவிட்டுப் போக வேண்டும். யார் பார்த்தாலும் வெறும் ஆட்டம். அமாலா பார்த்தால் மட்டும் மகள்.

அதற்குத்தான் பங்டென். இடுப்புக்கு முன்னால் கட்டுகிற கம்பளித் துண்டு. வரி வரியாக நிறம். அவர்களில் கல்யாணமான பெண்கள்தான் கட்டுவார்கள். நம் பெண்களுக்குத் தாலி எப்படியோ அப்படி. போன வருஷப் படத்தில் டோல்கர் அது இல்லாமல் ஆடினாள். இந்த வருஷம் அதோடு ஆடுவாள்.

"இதைப் பாத்தா அம்மாக்குப் புரிஞ்சிருங்க" என்றாள், காலையில் கண்ணாடி முன்னால் நின்று முடிச்சுப் போட்டபடி.

உள்ளே நான் கட்டிய தாலி. வெளியே அவளே கட்டிக்கொண்ட பங்டென். தாலியை ஊரே பார்த்தது. பங்டெனைப் பார்க்க வேண்டியவள் ஒருத்திதான்.

ஆட்டம் கடைசி நிகழ்ச்சி. அதற்கு முன்னால் நீண்ட எக்காளங்கள் ஊதினார்கள். சின்னப் பிள்ளைகள் பாடினார்கள். பிறகு மேடையில் ஒருவர் பேசினார். பேசினார். இன்னும் பேசினார். மைக் கிடைத்தால் எந்த நாட்டுக்காரரும் ஒன்றுதான் போலிருக்கிறது.

தொட்டபெட்டா பக்கம் மேகம் திரண்டுகொண்டிருந்தது. எனக்கு மேகத்தைப் பார்ப்பதா, பேசுகிறவரைப் பார்ப்பதா, டோல்கரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. மழை வந்தால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லையென்றால் படம் இல்லை. படம் இல்லையென்றால் அமாலாவுக்கு இன்னும் ஒரு வருஷம் மகள் கல்யாணமாகாதவள்.

ஒரு வருஷம் என்பது நமக்கு ஒரு வருஷம். வயதானவளுக்கு அது எவ்வளவு என்று யார் கண்டது.

பேச்சு முடிந்தது. பாட்டு தொடங்கியது. கம்பி வாத்தியம் ஒன்று, ஒரே சந்தத்தில், மெதுவாக. பெண்கள் வட்டமாக வந்தார்கள். ஆண்கள் சேர்ந்தார்கள். பார்க்க வந்தவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். அதுதான் அந்த ஆட்டத்தின் வழக்கம்.

நான் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். டோல்கர் திரும்பி வந்தாள்.

"நீங்களும் வாங்க."

"எனக்குக் கால் வராது, டோல்கரு. கிளட்ச் மிதிக்கிற காலு."

"கால் வர வேண்டாங்க. ஆள் வந்தாப் போதும். யாருன்னு அம்மாக்குத் தெரிய வேண்டாமா?"

 பையைப் புல்லில் வைத்துவிட்டுப் போனேன்.

சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கும் ஆசையாக இருந்தது. பார்த்தே இராத ஒருத்தியின் கண்ணில் பட வேண்டும் என்று. மாமியார் என்று ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு நான் இருப்பதே தெரியாது என்பது லாரியில் தனியாகப் போகும்போதெல்லாம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையை மாமியார் குறை சொல்ல வேண்டும். அதற்காவது தெரிந்திருக்க வேண்டும்.

வட்டம் நகர்ந்தது. இரண்டு அடி பக்கவாட்டில், ஓர் அடி உள்ளே, கையை வீசி, திரும்பி. எல்லோருக்கும் வந்தது. எனக்கு வரவில்லை. நான் உள்ளே போகும்போது மற்றவர்கள் வெளியே வந்தார்கள். அதனால் டோல்கரின் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். அவள் எங்கே வைத்தாளோ அங்கே.

முதல் சுற்றிலேயே காற்று வந்தது. இரண்டாவது சுற்றில் மழை.

கூட்டம் கலைந்தது. மோமோக் கடையின் தார்ப்பாயின் கீழே பாதிப் பேர், மேடைக்கு அடியில் பாதிப் பேர். மைக்கில் யாரோ, "மழை வருது, எல்லாரும் ஒதுங்குங்க" என்றார். வாத்தியக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. டோல்கரும் நிறுத்தவில்லை. அவள் நிறுத்தாததால் நானும் நிறுத்தவில்லை.

நீமா அண்ணன் செல்போனைச் சட்டைக்குள் மறைக்கப் போனார். ஒரு மலையாளத்து அம்மா ஓடி வந்து தன் குடையை அதற்குப் பிடித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. படம் நனையக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. அவள் நன்றாக இருக்க வேண்டும்.

வட்டம் சிறியதாகிவிட்டது. சிறிய வட்டம் கேமரா முன்னால் அடிக்கடி வந்தது. வரும்போதெல்லாம் டோல்கர் உடம்பை அந்தப் பக்கம் திருப்பினாள். காற்று பங்டெனைத் தூக்கித் தூக்கி அடித்தது. அவள் இரண்டு கையாலும் அதன் ஓரங்களைப் பிடித்து, குனிந்து, அது விரிந்து தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து ஆடினாள். நனைந்த கம்பளியில் நிறங்கள் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தன.

தெரிய வேண்டும். அது தெரிய வேண்டும். எனக்குள்ளும் அதே வார்த்தைதான் ஓடியது.

பாட்டு முடிந்ததும் அவள் நீமா அண்ணனிடம் ஓடினாள். "படத்துல விழுந்துச்சாண்ணா?"

"விழுந்துச்சு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நனைந்த சேலையைப் பிழிவது போல அந்தக் கம்பளியை மடியில் வைத்துப் பிழிந்துகொண்டே வந்தாள்.

ஐப்பசி போனது. கார்த்திகை போனது. மார்கழியில் புல்லெல்லாம் உறைபனி. தை வந்தது. எங்கள் கல்யாண நாள் வந்து போனது. நான் தினமும் மண்டிக்குப் போனேன், திரும்பும்போது நீமா அண்ணன் கடையில் கேட்டுவிட்டு வந்தேன். வாசலில் லாரிச் சத்தம் கேட்டதும் அவள் எட்டிப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன். இல்லை. இன்னும் இல்லை.

மாசியில் ஒரு மத்தியானம் நீமா அண்ணனே வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"பாத்துட்டாங்களாம்."

டோல்கர் அடுப்பை அணைத்தாள்.

"இந்தத் தடவை நெறையச் சொல்லிவிட்டிருக்காங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறவர் போலச் சொன்னார். "பங்டெனைப் பாத்தேன். நிறம் நல்லாயிருக்கு. ஆனா மொகத்தைக் காட்டவே இல்லையே. குனிஞ்சே ஆடுறா. நான் தேடித் தேடிப் பாத்தேன். மொகம் கெடைக்கல."

டோல்கர் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னொண்ணும் சொன்னாங்களாம்." நீமா அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பக்கத்துல ஒருத்தன், ஆடத் தெரியாம ஆடுறான். மத்தவங்கல்லாம் கேமராவைப் பாக்கறாங்க. அவன் இவளை விட்டுக் கண்ணை எடுக்கல. அவன்தானே? சரி. அது போதும்."

நான் பார்த்தது அவள் காலை. அடி தப்பாமல் இருக்க. அதை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

நீமா அண்ணன் காப்பி குடித்துவிட்டுப் போனார். டோல்கர் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பங்குனி" என்றாள். விரலை மடக்கினாள். "சித்திரை. வைகாசி. ஆனி. ஆடி. ஆவணி." புரட்டாசிக்கு அவளுக்கு விரல் மடங்கவில்லை. "ஏனுங்க, அது வரைக்கும் இந்த மொகம் இப்படியே இருக்குமா? அம்மா இதைப் பாக்கணும்."

"இருக்கும்" என்றேன். அது வரைக்கும் அமாலா இருப்பாளா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அருகில் போய் நின்றேன். அந்த முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வாடைக்காற்று வெடிக்கவைத்த தோல். இடது கன்னத்தில் சின்ன மச்சம். பால்யத்திலிருந்து இருக்கிறதா, பிறகு வந்ததா தெரியாது. அமாலாவுக்குத் தெரிந்திருக்கும். கண்ணோரத்தில் புதிதாக ஒரு கோடு. அதை அமாலா பார்த்ததில்லை.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?"

 மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்காதது, எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவளுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.