யானிக்கின் பச்சைச் சாறு

ஏரி நடுவே கிடக்கும் ப்ளோரேஸ் தீவுக்கு ஊர் சுற்றிப் பார்க்க வந்திறங்கும் வெளிநாட்டு மூட்டைக்காரர்களை விடுதிச் சமையல்காரி ஒப்தூலியாவுக்கு ஆறு வருடமாகத் தெரியும். முதுகில் ஒரு பெரிய மூட்டை, வயிற்றுப் பக்கம் ஒரு குட்டி மூட்டை, இரண்டுக்கும் நடுவில் வேர்த்து வழிகிற ஓர் ஆள். காலில் கிடக்கும் செருப்பை விற்றால் அக்கரை சான் மிகேலில் ஒரு குடும்பம் இரண்டு மாதம் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் கரையில் தக்காளி விற்கிறவளிடம் இரண்டு கெட்சால் காசுக்காக அரைமணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். ஒரு தட்டு பீன்ஸ் வாங்கிக்கொண்டு மூன்று பேர் பங்கு போட மூன்று கரண்டி கேட்பார்கள். குழாயில் வெந்நீர் வரவில்லை என்று சண்டை போட்ட அதே வாயால் எளிய வாழ்க்கையைப் பற்றிப் பேசுவார்கள். திக்கால் காட்டிலிருக்கும் பழைய மாயாக் கோபுரத்தில் ஏறி இறங்கிவிட்டு, போன ஜென்மத்தில் தாங்களும் மாயாக்களாக இருந்ததாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். சோள ரொட்டியை அவர்களுக்குத் தட்டிப் போடுகிறவள் இந்த ஜென்மத்திலேயே மாயா என்பது மட்டும் கண்ணில் படாது.

அவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஆனாலும் அவர்கள் சாப்பிட்டால்தான் அவளுக்குச் சம்பளம். மகள் மிர்சா சான் பெனித்தோவில் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம். இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் போதும் என்று இருந்தாள்.

விடுதி முதலாளி தோன் எலியாஸ் தலைநகரத்துக்காரர். படுக்கை இலவசம் என்றால் மூட்டைக்காரர்கள் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் சும்மாவே வேலை செய்வார்கள் என்பதைப் போன வருடம்தான் கண்டுபிடித்தார். அதிலிருந்து ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணை வேலையை விட்டு அனுப்பினார், அப்புறம் துணி துவைப்பவளை. அந்த இடங்களில் இப்போது வாரத்துக்கு ஒரு முகம், ஒரு வேலையும் உருப்படி கிடையாது. அக்டோபரில் யானிக் வந்தான். ஜூரிச்காரன், வயது இருபத்தாறு, தலையில் குடுமி.

“தோன்யா, இந்தப் பையன் அவங்க ஊர்ல சமையல் படிச்சவனாம்” என்றார் தோன் எலியாஸ் ஒப்தூலியாவிடம், பல்குச்சியை வாயை விட்டு எடுக்காமலே. “சனிக்கிழமை காலைல ‘பழைய மாயா சாப்பாடு’ன்னு ஒண்ணு போடறான். ஜனங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு, அடுத்த மாசத்துலேர்ந்து யார் யாருக்கு என்ன வேலைன்னு முடிவு பண்ணிக்கலாம்.”

“யார் யாருக்குன்னா? சமையக்கட்டுல நான் ஒருத்திதானே இருக்கேன்?”

“அதத்தான் சொல்றேன்.”

யானிக் ஸ்பானிய மொழியைப் புத்தகத்தில் படித்தவன். பிரசங்கம் செய்கிற மாதிரிதான் உப்புக்கூடக் கேட்பான். “அம்மையாரே, தங்கள் இல்லத்தில் ச்சயா கீரை வளர்கிறதா? அது முன்னோர்களின் இரகசிய உணவு என்று வாசித்தேன்.”

“ரகசியமா? எங்க வேலி பூரா அதான் தம்பி.”

புதன்கிழமை அவளோடு படகில் சான் மிகேலுக்கு, அவள் வீட்டுக்கு வந்தான். படகுக்காரன் நிகானோர் மூட்டைக்காரர்கள் எல்லாரிடமும் வாங்குவதைத்தான் கேட்டான். பையன் உள்ளூர்க்காரர்களின் விலைதான் வேண்டும் என்று அடம்பிடித்தான்.

“ஏன் ஒப்தூலியா, இவன் ஊர்ல ஏரியே கிடையாதா? அஞ்சு நிமிஷ சவாரிக்கு இந்த அழுகை அழறான்!”

“ஏரிக்குக் குறைச்சலே இல்லையாம். இங்கதான் மலிவாம்.”

படகிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். தன்னை வரவேற்கிறார்கள் என்று நினைத்து அவனும் சிரித்தான்.

ச்சயாவின் இலையிலும் காம்பிலும் கண்ணுக்குத் தெரியாத சுணை இருக்கும். பறிப்பதற்கு முன்னால் செடியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது சான் மிகேல் பெண்களின் வழக்கம். பெரிய பூஜையெல்லாம் இல்லை. ‘கொஞ்சம் எடுத்துக்கறேன், கோச்சுக்காதே’ என்று முணுமுணுத்துவிட்டுக் கத்தியை வைப்பார்கள். கேட்காமல் பறித்தால் கை கொப்பளிக்கும் என்பார்கள். ஒப்தூலியாவும் கேட்டுவிட்டு முதல் காம்பை வெட்டினாள்.

“அற்புதம்! மறுமுறை செய்யுங்கள். வெளிச்சம் போதவில்லை” என்றான் யானிக், போனை நீட்டிக்கொண்டு.

மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை கண்களை மூடி, கைகளைக் கூப்பச் சொன்னான். கீரை பறிக்க யாராவது கண்ணை மூடுவார்களா? அவள் மூடினாள். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது நன்றாகவே காதில் விழுந்தது. ஒப்தூலியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கீரையிடம் பொய்யாக அனுமதி கேட்கிற நிலைக்கு வந்தாயிற்று, இனி என்ன பாக்கி என்று இருந்தது.

நாற்பது இலைக்கு மேல் வெட்டிக் கட்டித் தந்தாள். தரும்போது, “தம்பி, இத முதல்ல...” என்று ஆரம்பித்தாள்.

அவன் கையை உயர்த்தினான். “தயவுசெய்து அமைதி. காட்டுப் பறவையின் குரலைப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்.”

கூவியது பக்கத்து வீட்டுக் கோழி. ஒப்தூலியா கத்தியைத் துடைத்து எடுத்து வைத்தாள். சனிக்கிழமை அடுப்பில் பானையை வைக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை அவன் பானையே வைக்கவில்லை. இலைகளைக் குழாயில் அலசி, அன்னாசித் துண்டும் எலுமிச்சையும் சேர்த்து, பச்சையாகவே மிக்ஸியில் போட்டான். ச்சயாவைக் கொதிக்க வைக்காமல் தின்றால் விஷம். பெத்தேன் மாவட்டத்தில் பால்பல் விழாத பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஒப்தூலியா வாணலியைக் கையில் பிடித்தபடி மூன்றடி தள்ளி நின்றிருந்தாள். ‘டேய், நிறுத்துடா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிக்ஸி இரைச்சலையும் மீறிக் கத்துகிற தொண்டைதான் அவளுக்கு.

அவள் கத்தவில்லை. குடிக்கட்டும் என்று நினைத்தாள். ஒரு நாள் வயிற்றால் போனால் ஒன்றும் செத்துவிட மாட்டார்கள். இந்தச் சமையலறையில் யார் இருக்க வேண்டும் என்று தோன் எலியாஸுக்கும் விளங்கிவிடும். திரும்பிக்கொண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள்.

வெளியே பதினோரு பேர் ஆளுக்கொரு பெரிய குவளையோடு ஏரியைப் பார்த்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் வாய்க்கு முன்னால் எல்லாரும் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். அவளுடைய வேலியோரத்துக் கூத்தைத்தான் போனில் காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தான் அந்தப் பயல். அதைப் பார்த்ததும் அவள் மனசில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போயிற்று.

அந்தக் கூட்டத்தில் ஹேவோன் என்று ஒரு கொரியாப் பெண். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிற ஒரே ஆள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுகிற சுபாவம். யானிக் இரண்டாம் முறை ஊற்றியதையும் வாங்கிக்கொண்டாள். கையோடு இன்னொரு குவளையை நிரப்பிச் சமையலறைக்கே கொண்டுவந்தாள்.

“நீங்களும் குடிங்க தோன்யா. உங்க வீட்டுக் கீரை.”

“எனக்கு வயிறு சரியில்லம்மா. அங்க வச்சிட்டுப் போ.”

பெண் தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனாள். அவள் கையில் இரண்டாவது குவளை இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. ஒப்தூலியா தன் பங்கைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டாள்.

பத்தரை மணிக்கு ஆரம்பித்தது. விடுதியில் கழிப்பறை மூன்றுதான். கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கிய வீராதி வீரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்க முடியாதவர்கள் ஏரிக்கரைக்கு ஓடினார்கள். உடம்பு நச்சுகளை வெளியேற்றுகிறது, நல்ல அறிகுறி என்று யானிக் எல்லாருக்கும் விளக்கினான். விளக்கம் முடிவதற்குள் அவனே வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான். ஒப்தூலியா பாத்திரம் தேய்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு ஹேவோன் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. இரண்டு பேர் தூக்கி முச்சக்கர வண்டியில் போட்டு, பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஒப்தூலியாவுக்குச் சிரிப்பு நின்றது. மற்றவர்கள் சாயங்காலம் எழுந்து நடமாடினார்கள். அந்தப் பெண் மட்டும் ஐந்து நாள் குளுக்கோஸில் கிடந்தாள்.

திங்கட்கிழமை தோன் எலியாஸ் கூப்பிட்டனுப்பினார். யானிக் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். கீரை வந்தது அம்மையாரின் வீட்டிலிருந்து, பறித்தது அம்மையார், அரைக்கும்போது பக்கத்திலேயே நின்றதும் அம்மையார் என்று அவன் சொல்லி முடித்திருந்தான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

“தோன்யா, சுத்தி வளைக்காம கேக்கறேன். இந்தக் கீரைய வேக வைக்காம சாப்பிடக் கூடாதுங்கறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

தெரியும் என்று சொன்னால், தெரிந்தும் ஏன் சும்மா நின்றீர்கள் என்பார். ஒரு பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், போலீஸ் வரும். மிர்சாவின் படிப்பு அன்றோடு சரி. தெரியாது என்று சொல்வதா? சான் மிகேல்காரி ஒருத்திக்கு ச்சயாவைப் பற்றித் தெரியாது என்றால் ஊரே காறித் துப்பும். ஒப்தூலியா தரையைப் பார்த்தாள்.

“தெரியாது.”

“நெசமாவா?”

“நாங்க எப்பவும் வேக வச்சுதான் திங்கறது. பச்சையா தின்னா என்ன ஆகும்னு யாரு கண்டா?”

தோன் எலியாஸ் பெருமூச்சு விட்டார். விஷம் வைத்த சமையல்காரியைவிட விவரம் இல்லாத சமையல்காரி அவருக்குச் சௌகரியம். போனை எடுத்து, ஹேவோன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே விடுதியைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். ‘சமையல்கார அம்மா மிகவும் நல்லவர். தவறு அவருடையதல்ல. படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர். தயவுசெய்து அவரை வேலையிலிருந்து நீக்காதீர்கள். அவருக்குப் பயிற்சி கொடுங்கள்.’

“முன்னூறு பேருக்குப் பிடிச்சிருக்கு பாருங்க” என்றார். “உங்க வேலை பொழைச்சுது. அந்தப் பொண்ணு வந்ததும் ஒரு நன்றி சொல்லுங்க. வியாழக்கிழமை யானிக் உங்களுக்கு வகுப்பு எடுப்பான்.”

“யாரு, இவனா?”

“ஏன், படிச்ச பையன்தானே?”

ஆறு வருடமாக அவர்களைப் பார்த்து முகம் சுளித்தவள் அவள். இப்போது முன்னூறு பேர் சேர்ந்து அவளைப் பார்த்து ஐயோ பாவம் என்கிறார்கள். இதைவிட யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை.

வியாழக்கிழமை காலை படகில் நிகானோர் விடவில்லை. “என்ன ஒப்தூலியா, பள்ளிக்கூடம் போறியாமே! ச்சயாவ வேக வைக்கணும்னு உனக்குத் தெரியாதாமே! தண்ணி கொதிச்சா சுடுமா, அதாவது தெரியுமா?”

“மோட்டாரப் பாத்து ஓட்டு.”

“நல்லாப் படி. வந்து எங்களுக்கும் சொல்லிக் குடு.”

படகு முழுக்கச் சிரித்தது. போன வாரம் யானிக்கைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள்தான். அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் அதற்கும் சிரிப்பார்கள் என்று கரையையே வெறித்துக்கொண்டு வந்தாள்.

சமையலறையில் அவளுக்குப் பிளாஸ்டிக் தொப்பியும் கையுறையும் மாட்டிவிட்டார்கள். சுவரில் யானிக் தானே வரைந்த படம்: ஓர் இலை, ஒரு பானை, அடியில் சிவப்பாக நெருப்பு. ஏழெட்டு மூட்டைக்காரர்கள் போனோடு வாசலை அடைத்து நின்றார்கள்.

“அம்மையாரே, இந்தக் கீரையில் நஞ்சு உண்டு. இதனை நான் ஆராய்ந்து அறிந்தேன்” என்றான் யானிக், காது கேட்காதவளிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக. “இருபது நிமிடங்கள் கொதிக்க வைக்க வேண்டும். இதைத் தாங்கள் ஒருபோதும் மறக்கலாகாது. தங்கள் ஊர்ப் பெண்களுக்கும் கூறுங்கள். எத்தனை நிமிடங்கள்?”

தோன் எலியாஸ் கதவருகே பல்குச்சியோடு நின்று அவளையே பார்த்தார்.

“இருவது.”

“எதற்காக?”

“வெஷம் போறதுக்கு.”

“மிகச் சரி!”

எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தன் விசில் அடித்தான். ஒப்தூலியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவ்வளவு முட்டாள்களை ஒரே அறையில் அவள் பார்த்ததில்லை. ஒருத்தரையும் முட்டாள் என்று சொல்ல அவளுக்கு வாயில்லை.

அப்போது வாசலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த ஹேவோன் சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தாள். புறங்கையில் ஊசி குத்திய இடம் நீலம் பாய்ந்திருந்தது.

“உங்கள ரொம்பத் திட்டிட்டாங்களா தோன்யா? என்னாலதானே? மன்னிச்சிடுங்க” என்றாள்.

பெண் இரண்டு கையாலும் ஒப்தூலியாவைக் கட்டிக்கொண்டாள். கையுறை போட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒப்தூலியா அவள் முதுகில் வைத்தாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது.