நாற்பத்தொரு கிளாஸ்

ரவாங்கில் தனேஸ்வரி நடத்திய வைன், சீஸ் சுவைக்கும் மாலைக்கு வந்த நாற்பத்தொரு பேரில் இருபத்து மூன்று பேர் இறந்தவர்கள். மற்ற பதினெட்டுப் பேர் அவள் கடையின் வாடிக்கையாளர்கள், வாட்ஸ்அப்பில் அழைப்புக் கிடைத்து வந்தவர்கள். தவறு தனேஸ்வரியுடையதுதான், வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை. வைன் கம்பெனி சசிகுமார் குறித்துக் கொடுத்த சனிக்கிழமை அவளுடைய அப்பா செல்லையாவின் திதியாக அமைந்துவிட்டது. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்த செல்லையா சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்தே செத்தவர். திதியன்று படையல் வைத்து, வாங்க என்று கூப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். கூப்பிட்டவர் மட்டும் வந்து சாப்பிட்டுப் போகத்தான் அந்தக் கதவு. தனேஸ்வரி கடையின் பின்பக்கம் அப்பாவின் படத்துக்கு முன்னால் முதல் கிளாஸ் வைனையும் வாழையிலையில் ஒரு துண்டு சீஸையும் வைத்து, தட்டு நிறையச் சூடம் ஏற்றினாள். அதே நேரம் வாசலில் முதல் கார் வந்து நின்றது. சூடம் எரிந்துகொண்டிருக்கும்போதே, கதவைச் சாத்தாமல், "வாங்க வாங்க, எல்லாரும் வாங்க," என்று முன்பக்கம் ஓடினாள்.

எல்லாரும் வந்தார்கள். முதலில் செல்லையா, அவருக்குப் பின்னால் அந்தத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் சம்சுவுக்குப் பலியான ஆண்கள் அத்தனை பேரும், விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்பதுபோல் சீஸ் மேசைக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். வாடிக்கையாளர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். சசிகுமார் வேனிலிருந்து இன்னும் இரண்டு பெட்டி கிளாஸ் இறக்கினார். கிளாஸைச் சுழற்றச் சொன்னார், சுழற்றினார்கள். முகர்ந்து பார்க்கச் சொன்னார், முகர்ந்தார்கள். வேலை ஏவும் மண்டோர் சொல்லைத் தட்டாதவர்கள் அல்லவா. "தொண்டை எரியவே இல்லையே லா," என்று செல்லையா மட்டும் குறைப்பட்டுக்கொண்டார். குடிக்கும்போது அவர்கள் தொண்டை ஏறி இறங்கியது, கிளாஸில் வைன் குறையவில்லை. படையலுக்கு அதுதான் வழக்கம், அளவு அப்படியே இருக்கும், ருசி மட்டும் போய்விடும். அவர்களில் ஒருவர் கீழே வைத்த கிளாஸைத் தவறி எடுத்துக் குடித்த வங்கி அதிகாரி ஒருவர், குழாய்த் தண்ணீர் போலிருக்கிறது என்று புகார் சொன்னார். தனேஸ்வரி தலைகளை எண்ணினாள். லயத்து ஆட்கள் இருபத்திரண்டு, வாடிக்கையாளர்கள் பதினெட்டு.

நாற்பத்தொன்றாவது ஆளாக அவளுடைய தம்பி அகிலன் கையில் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தான். வேலை தேடி மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. போலீசில் புகார் கொடுத்து, பேஸ்புக்கில் படம் போட்டு, கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டும் ஒரு தகவலும் இல்லை. அவனைப் பார்த்ததும் தனேஸ்வரிக்கு வந்த சந்தோஷம் அவள் கல்யாணத்தன்றும் வராதது. அவள் அவனைப் பத்தொன்பதாவது வாடிக்கையாளராகத்தான் எண்ணினாள். "எங்கடா போயிட்ட? அம்மா சோறு எடுத்து வெச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்கடா," என்று சொல்லி, தன் கையாலேயே ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்தான். "நல்லா இருக்குக்கா," என்றான். கிளாஸைத் திருப்பி வாங்கியபோது அது ஊற்றிய அளவில் இருந்தது. அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு, வாடிக்கையாளர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எங்கடா கிடக்குற? இடத்தையாவது சொல்லுடா, வந்து எடுத்துக்கிறோம்." அகிலன் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். "தெரியலக்கா. தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு," என்றான். சூடம் அணைந்ததும் இருபத்து மூன்று பேரும் போய்விட்டார்கள். சீஸ் நன்றாக இருந்ததாகப் பதினெட்டுப் பேரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

புக்கிட் பெலிம்பிங்கில் இருந்த அம்மா நவமணி, வைனில் ருசி போயிருந்ததால் தம்பி உயிரோடு இல்லை என்று தனேஸ்வரி சொன்னதை நம்பவில்லை. "வைனு கெட்டுப்போயிருக்கும். புள்ள வந்திருக்கான், அத சொல்லு. சாப்பிட்டானா?" என்றுதான் கேட்டார். அந்த மாலை இப்போது வருடந்தோறும் நடக்கிறது, சசிகுமார் நாற்பத்தொரு கிளாஸ் கொண்டு வருகிறார், வாடிக்கையாளர்கள் லயத்து ஆட்களுக்குத் தாங்களே நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள். இரண்டாம் வருடம் நவமணி சோறும் கெளுத்தி மீன் குழம்பும் சமைத்து எடுத்து வந்தார். சீஸ் தின்றால் பிள்ளைக்கு வயிறு நிறையுமா என்று கேட்டு, மேசையின் ஓரத்தில் இலை போட்டு, அகிலனை உட்காரவைத்துப் பரிமாறினார். அவன் பிசைந்து பிசைந்து சாப்பிட்டான், இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா என்று கேட்டும் வாங்கிக்கொண்டான். அவன் போன பிறகு இலையில் சோறு போட்டபடியே குவிந்திருந்தது. நவமணி அதில் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்து மென்றார். வெகுநேரம் மென்றார். தனேஸ்வரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உப்பு போட மறந்துட்டேன் போலருக்குடி," என்றார் நவமணி. அடுத்த வருடமும் மறந்துவிட்டதாகவே சொன்னார்.