ஊட்டும் கை

மூடிய உதட்டின் மேல் ஸ்பூனை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள் அத்தை. ஏழு மாதக் குழந்தை தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஸ்பூனும் அந்தப் பக்கம் வந்தது. மிக்ஸியில் மைய அரைத்த கேரட் மோவாயில் வழிந்து கழுத்து மடிப்புக்குள் இறங்கியது.

"வாயைத் தெறடி. ஒங்கம்மா பேச்சைத்தான் கேப்பியா நீயும்?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. குழந்தையின் அப்பா, அத்தையின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவி பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். அவள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியபோதுதான் அத்தை தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, ஒரு பெட்டியும் மிக்ஸியுமாக இங்கே வந்து சேர்ந்தாள். பிறகு இந்த வீட்டில் குழந்தைக்கு ஊட்டுவது ஒரு போர். ஒருத்தர் கைதட்ட, ஒருத்தர் பொம்மை ஆட்ட, நடுவில் அத்தை தளபதி மாதிரி நின்று ஒவ்வொரு வாயாகத் திணிப்பாள். முடிவதற்குள் மற்றவர்கள் சாப்பாடு ஆறி அவலாகிவிடும். ஆனாலும் தம்பி வருகிறவர்களிடமெல்லாம், "அக்கா இல்லேன்னா இந்த வீடு ஓடாது" என்பான். அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குச் சாப்பாடு.

இப்போது அவன் அப்படிச் சொல்வதில்லை. குழந்தை டாக்டர் ஏதோ சொல்லிவிட்டாராம். நிமிர்ந்து உட்காருகிறது, கண்டதை எடுத்து வாயில் வைக்கிறது, இனி அதுவே எடுத்துச் சாப்பிடட்டும் என்று. தம்பி மனைவி பூசணியையும் உருளைக்கிழங்கையும் விரலால் நசுங்குகிற பதத்துக்கு வேகவைத்து, நீள நீளமாக நறுக்கி, குழந்தை நாற்காலியின் பலகையில் வைத்துவிட்டு எதிரிலேயே தன் தட்டோடு உட்கார்ந்துவிடுகிறாள். குழந்தை பாதியைத் தலையில் தேய்த்து, மீதியைச் சப்பி, போதுமென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புருஷனும் பெண்டாட்டியும் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு கதை பேசிச் சிரிக்கிறார்கள். அத்தைக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டாலே வயிறு எரிந்தது.

நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறையிலிருந்து காதில் விழுந்தது. "பகல்ல பாப்பாவைக் காப்பகத்துல விட்டுடலாங்க. இப்பதான் தானா சாப்பிடுதே. அண்ணிக்கும் சிரமம் இல்ல." தம்பி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால்தான் இன்று அவன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை ஆரம்பித்தாள். "இன்னிக்குப் பிள்ளை போயிருக்கும்டா. ஒம் பொண்டாட்டி வெச்சுட்டுப் போன உருளைக்கிழங்கு தொண்டையில சிக்கி, மூஞ்சி நீலமாயிடுச்சு. நான் விரலை விட்டு எடுத்தேனோ, பொழைச்சுதோ."

தம்பி குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். மனைவி உள்ளே வந்ததும் வராததுமாகக் கத்தினான். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். குழந்தையை வாங்கி வாயைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"உருளைக்கிழங்கு வெச்சது வெச்சபடி இருக்கு. கழுத்துல காஞ்சிருக்கறது கேரட். அரைச்சது."

"அதையும் குடுத்தேன், இதையும் குடுத்தேன். என்னை வெசாரணை பண்றியா நீ?"

"ஆமா அண்ணி."

பிறகு அவள் துண்டுகளைச் சூடுபடுத்தி, கையில் வைத்துப் பார்த்து, குழந்தையைப் பலகையின் முன் உட்காரவைத்தாள். "வேணாம்" என்றான் தம்பி. அவள் காதில் வாங்கவில்லை. மூன்று பேரும் ஒரு பிஞ்சு வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குழந்தை ஒரு துண்டைக் கடித்தது. சற்று நேரத்தில் ஓங்கரித்தது. கண்ணில் நீர் முட்ட, முகம் சிவந்து இருமியது. அத்தையின் விரல் தானாகவே அந்த வாயை நோக்கிப் பாய்ந்தது. பாதி வழியில் தம்பி மனைவி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நாளெல்லாம் ரத்தம் எடுக்கக் கைகளைப் பிடித்துப் பழகிய பிடி.

"விரலை விட்டா துண்டு உள்ள போயிடும். இருமுற வரைக்கும் காத்து போகுதுன்னு அர்த்தம். சத்தம் நின்னாதான் பயப்படணும்."

"விடுடி கையை."

அவள் விடவில்லை. குழந்தையிடமிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. குழந்தை துண்டை நாக்கால் வெளியே தள்ளியது, அதை ஒரு நிமிஷம் ஆராய்ந்தது, மறுபடி வாயில் போட்டுக்கொண்டது.

அப்புறம்தான் பிடி தளர்ந்தது. தம்பி அக்காவைப் பார்த்தான்.

"நீலமாச்சா அக்கா? நெஜமா?"

"ஒன்னை வளத்தவடா நான்."

அவன் தட்டை இழுத்து உட்கார்ந்தான். மனைவி பரிமாறினாள். அத்தைக்கும் ஒரு தட்டு வைத்தாள், வாங்க என்று சொல்லவில்லை. ஆவி பறக்கிற சாப்பாட்டை இருவரும் தலைகுனிந்து சாப்பிட்டார்கள். இன்று சிரிப்பு இல்லை. அது அத்தைக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

குழந்தை ஒரு துண்டைப் பலகையின் விளிம்புக்குத் தள்ளிக் கீழே போட்டது. எட்டிப் பார்த்தது. அத்தை குனிந்து எடுத்தாள். எழுவதற்குள் இன்னொன்று விழுந்தது. "விடுங்க, நான் எடுக்கறேன்" என்று யாரும் சொல்லவில்லை. தரையில் மண்டியிட்டபடி அவள் பலகைக்குக் கீழே உள்ளங்கையை விரித்து நீட்டினாள். மேலேயிருந்து குழந்தை, அடுத்த துண்டைக் கையில் இறுக்கிக்கொண்டு, அந்தக் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.