மாற்றாத பை

பேத்திக்கு இந்த வீடு ஒத்துக்கொள்வதில்லை. வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இருமல், பிறகு இழுப்பு. போன முறை மகள் கிளம்பும்போது சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வரமாட்டோம்பா. கோவிச்சுக்காதீங்க."

மனைவி இறந்தபின் அந்த வீட்டுக்கு வருகிற ஆட்கள் அவர்கள் மட்டுமே.

அதனால் தாத்தா இன்று காலையிலிருந்து தெருத்தூசி வராமல் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, வேக்குவம் கிளீனரை மூலைமூலையாக இழுத்துக்கொண்டிருந்தார். அதன் இரைச்சல் கேட்டு எதிர்வீட்டு பஸ் டிரைவரம்மா கதவைத் தட்டினாள்.

"என்னண்ணே, உள்ள புயலா? வாசல்லயே தும்மல் வருது!"

"பேத்தி வர்றாம்மா. சுத்தம் பண்றேன்."

"சுத்தமா? அங்க பாருங்க."

ஜன்னல் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில், இயந்திரத்தின் பின்புறத்திலிருந்து தூசி புகையாய்க் கிளம்பிக்கொண்டிருந்தது.

"முன்னாடி உறிஞ்சி பின்னாடி துப்புது. தூசிப் பை ரொம்பிருச்சு. எப்ப மாத்துனீங்க?"

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். மனைவி போனபின் மாற்றுவதற்காக ஒருமுறை திறந்திருந்தார். சாம்பல் நிறத் தூசிக்குள் அவளுடைய நீள முடிகள் சுருண்டு கிடந்தன. அப்படியே மூடிவைத்தவர்தான்.

"அவளோட முடி இருக்கும்மா அதுல," என்றார் கடைசியில்.

டிரைவரம்மா கேலியை விட்டாள். பையை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பிரித்து, ஒரே ஒரு முடியைப் பொறுமையாக உருவிக் கழுவி, தாளில் மடித்து அவர் கையில் வைத்தாள். அவர் வாங்கி வைத்திருந்த புதுப் பையைப் போட்டாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, இருவருமாக ஈரத்துணியால் துடைத்தார்கள்.

"காத்துல இருக்குறது அடங்கட்டும். அதுவரைக்கும் புள்ளை எங்க வீட்ல விளையாடட்டும்."

மாலையில்தான் பேத்தி இந்த வீட்டுக்குள் வந்தாள். ஓடினாள், குதித்தாள், களைத்துக் கட்டிலில் பாட்டி படுத்துவந்த பக்கத்தில் சுருண்டு தூங்கிப்போனாள். அவர் குனிந்து காது கொடுத்தார். இழுப்பு இல்லை. மூச்சு சீராக வந்து போனது.

கடவுள் சில நேரம் எதிர்வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று நினைத்துக் கைகூப்பினார்.

"அப்பா, நாளைக்குப் போறோம்," என்றாள் மகள். "அடுத்த மாசம் வர்றோம்."

அவர் தலையாட்டினார். தாளில் மடித்த முடியைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.